நெஞ்சுக் கதவுக்கு ஒரு நேர்த்தி

இல்லை டொக்குத்தர் ஐயா, இண்டைக்கும் தள்ளிப்போட்டியளெண்டால், இந்தக் குடலிறக்கத்தோடையே என்ரை ஊர் உடுவிலுக்கு நடந்து போயிடுவன், சொல்லிப்போட்டன்! ரண்டு தரம் நாள் வைச்சு ரண்டு தரமும் தள்ளிப்போட்டாச்சு. அங்கை என்ரை போயிலைத் தோட்டத்துக்குத் தண்ணியிறைக்க ஆளில்லை. இப்ப என்னடாவெண்டால், மேசையிலை ஏத்திப்போட்டுத் திரும்பவும் நெஞ்சிலை குழல் வைச்சுக் கேக்கிறியள்... தலைப்பக்கத்தை ஏன் இவ்வளவு உயத்தினனீங்கள்? சரி சரி, மூச்சு லேசா வருது. இருக்கட்டும்.

எனக்கு விளங்காமலில்லை. சின்னனிலை வந்த மூட்டுக் காய்ச்சல் நெஞ்சுக்குள்ளை ஒரு கதவைக் கெடுத்துப்போட்டுது. அது வடிவாத் திறக்காது. நாடி வேகமா ஓடினால் ரத்தம் தேங்கி மூச்சு முட்டும். அதாலை மயக்கத்துக்குக் குளோரபோம் வேண்டாம், ஈதர்தான், அதுவும் சொட்டுச் சொட்டாய். நல்ல கதை! ஆனா உப்பில்லாக் கஞ்சி என்னத்துக்கு? எங்கடை மாடும் அதை மோந்து பாராது!

என்ன? முந்தநாள் நல்லாயிருந்த நாடி இண்டைக்கு ஏன் ஓடுதோ? என்னைக் கேட்டால்? நான் பேசாமல்தானே கிடக்கிறன்...

பயம், ஐயா. ஏன் ஒளிப்பான்? கண்ணை மூடினால் திரும்பத் திறப்பனோ எண்டு பயம். முதல்தரம் கால் வீக்கமெண்டு தள்ளிப்போட்டியளெல்லோ, அண்டைக்கே என்ரை மனுசி நல்லம்மா முருகனுக்குக் காவடி நேந்திட்டாள். எடுத்தன். அடுத்தநாள் நாடி ஓடுதெண்டு நீங்கள் திரும்பவும் தள்ளிப்போட்டியள். காவடி மட்டும் காணாதாக்குமெண்டு நேத்து மூண்டு சுத்து அங்கப் பிரதட்டை நேந்து போனன்...

ஆசுப்பத்திரியை விட்டு எப்ப போனனோ? நேர்ஸ் அம்மா மத்தியானம் சாப்பிடப் போன நேரந்தான். மச்சான் தம்பிஐயா வாசலிலை வண்டிலோடை நிண்டவன். கோயில் வீதி மணல் கொதிக்குது ஐயா, பப்படம் பொரிக்கலாம்! ஒரு சுத்துத்தான் உருண்டன். அதோடை மூச்சு முட்டி, வாய் நீலம் பாரிச்சு, நாலு பேர்தான் தூக்கி வண்டிலிலை போட்டவங்கள். எல்லாம் ஆருக்காக? உங்கடை ஈதர் நல்லபடி ஏறவேணுமெண்டுதானே!

ஏன் ஈதர்ப் போத்திலை மூடுறியள்? ஐயா? உருண்ட ஆளுக்கு முருகன் காவல் இருப்பானெல்லோ?... என்னது, இண்டைக்கு மருந்து தந்திருந்தால் நேரே அவனிட்டையே போயிருப்பனோ?

...அப்பிடியோ. அப்ப இதைச் சொல்லாமல் ஒளிச்சிருந்தால் செத்திருப்பன்.

திரும்பவும் தள்ளிப்போடுறியளோ? எத்தினை கிழமைக்கு? மூண்டோ! கட்டிலை விட்டு இறங்கவே கூடாதோ? ஓம், ஓம், சத்தியமா இறங்கமாட்டன். கந்தனாணை. நேர்ஸ் அம்மா, என்ரை வேட்டி சால்வையை எங்கை கொண்டு போறியள்? பெட்டியிலை வைச்சுப் பூட்டவோ? பொறுங்கோ பிள்ளை! மிச்சம் ரண்டு சுத்துக் கிடக்கு, நான் என்னத்தை உடுத்திக்கொண்டு உருளுறது?