பந்தைத் தொடாத பந்தாட்டக்காரர்

"பந்தையே தொடாம பதினஞ்சு வருசம் பந்து விளையாண்டிருக்காருலே!"

வீரசோழன் போகும் பஸ்ஸில் இது காதில் விழுந்ததுமே கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன். சொன்னவர் முக்கால் சீட்டை அடைத்திருந்த பருத்த ஆள். மிச்சத்தில் ஒண்டியிருந்தவர் அவருடைய கபடி டீமின் கேப்டன். வீரசோழனில் ஆட்டம்; டீம் பூராவும் பின் சீட்டுகளில் இருந்தது.

"யாருலே அது?"

"நம்மூருல கிணறு தோண்ட வந்திருக்காருல்ல அமெரிக்காக்காரரு, அவுக அண்ணன். அங்க பந்தக் கையில தூக்கிக்கிட்டு ஓடுற ஆட்டம். அப்படி ஓடுறவன் மேல எவனும் விழாம மறிக்கிறதுதான் இவருக்கு வேல. அதுக்கே பேப்பர்ல போட்டோ! கடைசி ஆட்டத்துல சனமெல்லாம் எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சாம்."

"சுத்தி வளைக்காத. நீ ஒரு தடவ எதிராளி பக்கம் பாடிப் போனது உண்டா? இன்னைக்கு வெளிய உக்காரு."

"மறிக்க ஆளு வேணாமா மாப்ள?"

கேப்டன் சட்டை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார்.

வீரசோழனில் பஸ் நிற்பதற்குள் ஏறுகிற கூட்டம் வாசலை மொய்த்தது. பருத்தவர் முதலில் குதித்து, கூட்டத்தின் முன் இரு கைகளையும் விரித்து நின்றார். முட்டிப் பார்த்தார்கள், அசையவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் கேப்டன் தேய்த்த சட்டை கசங்காமல் இறங்கினார்.

"யோவ், நகருய்யா!" என்று கூட்டம் கத்தியது.

"நகராதலே!" என்றார் கேப்டன். "இன்னைக்கு நீ ஆடுற. நம்ம ஆளுக பூராம் இறங்கட்டும்!"