சொர்ணத்தின் ஆறாவது வாரம்

நான் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை, மேடம். விசாரணை அதிகாரியாக நீங்கள் எங்கள் ஆய்வகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். அருள்மொழியையே கேளுங்கள். புகார் எழுதியவள் அவள்தான், ஆனாலும் பொய் சொல்ல மாட்டாள். நான் பயிற்சி கொடுத்த பெண்.

மனச்சோர்வு மூளையில் எப்படித் தொடங்குகிறது என்பதுதான் இருபத்தாறு வருடமாக என் வேலை. முதல் பதினைந்து வருடம் எலிகள். கூண்டைச் சாய்த்துவைத்து, படுக்கையை ஈரமாக்கி, விளக்கை நேரங்கெட்டு எரியவிட்டால் சில வாரத்தில் எலிக்குச் சர்க்கரைத் தண்ணீர்கூடப் பிடிக்காமல் போகும். மனிதரிடம் அது முடியவில்லை. அவர்கள் விழுந்த பிறகுதான் டாக்டரிடம் வருகிறார்கள். விழுகிற நேரத்தை யாரும் பார்த்ததில்லை.

சொர்ணமும் அப்படி வந்தவள்தான். திருவேற்காட்டுக்காரி. செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் பெட்டி ஒட்டும் வேலை. கணவர் தங்கராஜ் பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள் பவ்யா, ஆறாம் வகுப்பு. என் மாத்திரையில் இரண்டு மாதத்தில் தேறி, சொர்ணம் வேலைக்குத் திரும்பினாள். ஆராய்ச்சிக்காக வாராவாரம் ரத்தம் கொடுக்கவும் தவறாமல் வந்தாள். அப்படிப்பட்டவர்கள் கிடைப்பது அபூர்வம்.

அதனால் அவளுடைய மாத்திரையை மாற்றினேன். அதே இளநீலம், அதே அளவு. உள்ளே வெறும் மாவு. அவளிடம் கேட்கவில்லை. தெரிந்தால் மனம் எதிர்பார்க்கும், எதிர்பார்ப்பு முடிவைக் கெடுக்கும்.

ஆறாவது வாரம் விழுந்தாள். ஒன்பது நாள் முன்பே ரத்தம் அதைச் சொல்லியிருந்தது. அந்த வரைபடத்தை அச்செடுத்து மேசைமேல் ஒட்டிவைத்தேன். பழைய மருந்தையே திரும்பக் கொடுத்து எழுப்பிவிட்டேன். தங்கராஜ் கோயில் குங்குமத்தோடு வந்தார்.

"நீங்க எங்க ஊட்டு சாமி, டாக்டரே."

வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஒரு முறை நடந்தது தற்செயலாக இருக்கலாம். எட்டு மாதம் கழித்து மறுபடி மாற்றினேன். அப்போதும் ஆறாவது வாரம்தான்.

"திரும்பவும் அதே மாரி ஆயிட்ச்சி டாக்டரே. சோறு துன்ன மாட்டேங்குது. பாப்பா கூப்ட்டாகூட திரும்பிப் பாக்க மாட்டேங்குது."

"மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களா?" என்று கேட்டேன். எந்த டாக்டரும் கேட்கிற கேள்வி. கேட்காமலிருந்தால்தான் சந்தேகம் வரும்.

அவர் தலைகுனிந்தார். "நான் காலீல வண்டி எத்துகினு பூட்றேன். பாக்க ஆள் இல்ல. என் தப்புதான்."

அப்படியே இருக்கட்டும் என்று பழைய மருந்தைத் திரும்பக் கொடுத்தேன்; மறுபடி எழுந்தாள்.

மூன்றாவது முறை நான் மாற்றியபோது அவர் காலைச் சவாரியையே விட்டிருந்தார். தினமும் தன் கையால் மாத்திரையை அவள் வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்து, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. இவ்வளவு சுத்தமான தரவு அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை. அதற்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்த முறை பழைய மருந்துக்குத் திரும்பியும் சொர்ணம் எழவில்லை. திரும்பத் திரும்ப நிறுத்தினால் மருந்து பிடிக்காமல் போகலாம். எட்டு வருடம் முன்பு நானே ஒரு கட்டுரையில் எழுதிய விஷயம்தான். ஏழு மாதமாக வார்டில் சுவரைப் பார்த்தபடி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பவ்யா வந்து தலை பின்னிவிடுகிறாள்.

போன வாரம் விஷயம் தெரிந்ததும் தங்கராஜ் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இந்தக் கையாலதான குட்த்தேன்," என்றார். இரண்டு முறை சொன்னார்.

வருத்தமா என்று கேட்டீர்கள். வருத்தம்தான். ஒரே ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். சொர்ணம் வார்டுக்குப் போன பிறகுதான் யோசித்தேன். அம்பத்தூரில் இருவர், ஆவடியில் ஒருவர், அண்ணனூரில் ஒருவர். பெயர்களை எழுதித் தருகிறேன், மறைக்க எதுவுமில்லை. அவர்களுக்கு இது ஐந்தாவது வாரம்.

ஒரே ஒரு வேண்டுகோள், மேடம். அவர்களுடைய மாத்திரையை இன்றே மாற்றிவிடாதீர்கள். இன்னும் ஒரே ஒரு வாரம் ரத்தம் எடுத்துவிடட்டும். இவ்வளவு தூரம் வந்தது வீணாகக் கூடாது. சொர்ணத்துக்காகவாவது.