பாடுன்னா மாடு

புகார் சொல்றதுக்குக் கூப்பிடலம்மா, பயப்படாம உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். பெஞ்சுலயே உக்காந்துக்கங்க. முட்டி இடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கணும். ஆறு வயசுப் பிள்ளைங்களுக்குச் செஞ்சது, நம்ம காலை எங்க மடக்கி வைக்கிறதுன்னே தெரியாது. எனக்குப் பழகிப்போச்சு. முப்பத்திரண்டு வருஷம். ஆமாம்மா, மொத்தமும் ஒண்ணாங் கிளாஸ்தான்.

பாப்பா ஊஞ்சல்ல இருக்கா, ஜன்னல் வழியா தெரியுது பாருங்க. ஆயாம்மா பக்கத்துலயே நிக்கிறாங்க. துணிக்கடையில எத்தனை மணிக்குத் திரும்பிப் போகணும்? சரி, அதுக்குள்ள முடிச்சிடறேன்.

தலைமை ஆசிரியையா போங்கன்னு ரெண்டு தடவை ஆர்டர் வந்துச்சு. வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பாரு. லாரி ஓட்டினவரு அவரு. நானாவது ஊர் ஊரா போறேன், நீ முப்பது வருஷமா அ ஆவைத் தாண்டலியேடின்னு. எனக்கு இதுதாம்மா பிடிச்சுது. ஒருத்தன் இருந்தான், ஒரு எழுத்தும் வராது, ஆனா அக்கன்னா மட்டும் வரும். மூணு புள்ளிய வச்சிட்டு, சிலேட்டைத் தூக்கிக்கிட்டு ராஜா மாதிரி வந்து நிப்பான். இன்னொருத்தி, டீச்சர், ராத்திரி நீங்க இந்தப் பீரோவுக்குள்ளயா படுத்துக்குவீங்கன்னு கேட்டா. நமக்கு வேற வீடு இருக்கும்னே அதுங்களுக்குத் தோணாது. பெரும்பாலும் அது நெசமாத்தான் இருந்துச்சு.

பெருமைக்குச் சொல்லல. உள்ள வரும்போதே பிள்ளைங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிடுவேன். இது சாப்பிடாம வந்திருக்கு, இது வீட்ல நேத்து சண்டை, இதுக்குக் கண்ணு சரியில்லன்னு. கண்ணை இடுக்கிப் போர்டைப் பார்த்தா அன்னைக்கே அப்பா அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பிடுவேன். கண்ணாடி போட்டுட்டு வந்து, டீச்சர், மரத்துல தனித்தனியா இலை இருக்குன்னு சொல்லும். அப்படி எத்தனையோ பிள்ளைங்க.

இல்ல, பாப்பாவுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. இந்த நோட்டைப் பாருங்க. சொல்வதை எழுதுதல். நான் பாடுன்னு சொன்னேன், மாடுன்னு எழுதியிருக்கா. படம்னு சொன்னேன், மடம்னு எழுதியிருக்கா. நான் போர்டுப் பக்கம் திரும்பிச் சொன்னதெல்லாம் காலியா விட்டிருக்கா. ப, ம ரெண்டையும் சொல்லிப் பாருங்க. சத்தம் வராம, சும்மா வாயை மட்டும் அசைங்க. பாடு. மாடு. உதடு ஒரே மாதிரிதான் ஒட்டுது, இல்லையா? அவ காதால கேட்டு எழுதலம்மா. என் வாயைப் பார்த்து எழுதறா.

கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறா, திமிருன்னு போன வாரம் கேட்ல நின்னு சொன்னீங்களே. விளையாட்டுப் புத்தின்னு. உங்களைக் குத்தம் சொல்லல. நானும் அப்படித்தான் நினைச்சேன். பாப்பாவைப் பத்தி இல்ல, என் பொண்ணைப் பத்தி.

இதே ரூம்ல படிச்சா. அப்ப ஒண்ணாங் கிளாஸ் ஒண்ணே ஒண்ணுதான், வேற யார்கிட்டயும் விட வழியில்ல. டீச்சர் பொண்ணுன்னு சலுகை காட்டறேன்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னு கடைசி பெஞ்சுல உக்கார வச்சேன். கேட்டைத் தாண்டினா அம்மான்னு கூப்பிடக் கூடாது, டீச்சர்னுதான் கூப்பிடணும்னு சொல்லி வச்சிருந்தேன். சரின்னு தலையாட்டிட்டா. சாயங்காலம் தெருமுனை திரும்பினதும் கையைப் பிடிச்சுக்கிட்டு அம்மா, அம்மா, அம்மான்னு வீடு வரைக்கும் சொல்லிக்கிட்டே வருவா. காலையிலேருந்து சேத்து வச்சதாம்.

அந்த வருஷம் அவளுக்கு ஜுரம் வந்து வந்து போச்சு. காதுல சீழ் வடிஞ்சுது. கடையில சொட்டு மருந்து வாங்கி விட்டேன். இன்ஸ்பெக்ஷன் நேரம்மா, நாப்பத்தஞ்சு பிள்ளைங்களை விட்டுட்டு எப்படி லீவு போடறதுன்னு இருந்துட்டேன். லீவே போடாத டீச்சர்னு எனக்குப் பேரு. பக்கத்துக் கிளாஸ் டீச்சர் ஒரு நாள் சொன்னாங்க, அக்கா, உங்க பொண்ணு கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குதேன்னு. வீட்டுலயும் அப்படித்தான், பிடிவாதம்னு நான் பதில் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் வந்தாரு. கடைசி பெஞ்சைக் காட்டி, எந்திரிச்சுப் படிம்மான்னாரு. அவ எந்திரிக்கல. அவருக்குப் பெரிய மீசை, வாயே தெரியாது. சுத்திச் சுத்திப் பார்க்கறா. பிள்ளைங்க சிரிச்சுது. யாரு பொண்ணு இதுன்னு கேட்டாரு. தலைமை ஆசிரியர் என்னைக் காட்டினாரு. இன்ஸ்பெக்டர் லேசா சிரிச்சிட்டு நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டுப் போயிட்டாரு.

மறுநாள் காதுலேருந்து ரத்தம் வந்துச்சு. தூக்கிக்கிட்டு ஓடினேன். சவ்வு கிழிஞ்சிருக்கு, சீழ் உள்ள எலும்பு வரைக்கும் போயிடுச்சு, ரொம்ப நாளா இருந்திருக்கும்னாரு டாக்டர். ரெண்டு ஆபரேஷன். அந்தக் காது சுத்தமாப் போச்சு. இன்னொண்ணும் கொஞ்சம் கொஞ்சமாப் போய், இப்ப மெஷின் வச்சா சத்தம் மட்டும் தெரியும், வார்த்தை தெரியாது. முப்பத்தொரு வயசு அவளுக்கு. தையல் மெஷின் வச்சிருக்கா, கை அவ்வளவு சுத்தம். கல்யாணமாகி ஒரு பையன் இருக்கான். அவன் அழுதா தெரியணும்னு கைக்குழந்தையா இருந்தப்பல்லாம் அவன் நெஞ்சுல ஒரு கையை வச்சிட்டேதான் தூங்குவா.

உங்களைப் பயமுறுத்தறதுக்குச் சொல்லலம்மா. பாப்பாவுக்கு இப்பதான் ஆரம்பிச்சிருக்கும், இந்த வாரமே போனா சரியாயிடும். இந்தச் சீட்டுல டாக்டர் பேரு, நேரம் எல்லாம் எழுதி வச்சிருக்கேன். கடையில லீவு தரலன்னா சொல்லுங்க, நானே கூட்டிட்டுப் போறேன். இப்பல்லாம் லீவு போடறேன்.

ஏம்மா, என்னாச்சு? தண்ணி குடிங்க. மெதுவா சொல்லுங்க.

நேத்தா?

கன்னத்துலயா? எந்தப் பக்கம்?

சரி, அழாதீங்க, பாப்பா ஜன்னல் வழியா பார்க்கறா. காது கேக்காத பிள்ளைங்க நம்ம மூஞ்சியைத்தான் படிக்கும். கண்ணைத் துடைச்சுக்கங்க. இங்க பாருங்க. டாக்டர் முதல்ல ஒண்ணு கேப்பாரு. காதுல அடி ஏதாவது பட்டுச்சான்னு. அடிச்சேன்னு சொல்லிடுங்க. அவமானமாத்தான் இருக்கும். இருந்தாலும் சொல்லிடுங்க. அவரு அதுக்குத் தகுந்த மாதிரி பார்ப்பாரு.

நான் அன்னைக்குச் சொல்லலம்மா.

இன்ஸ்பெக்டர் வாசலைத் தாண்டினதும் நேரா கடைசி பெஞ்சுக்குத்தான் போனேன். நாப்பத்தஞ்சு பிள்ளைங்களும் பார்த்துக்கிட்டிருந்துச்சு. முப்பத்திரண்டு வருஷத்துல நான் கை நீட்டினது ஒரே ஒரு பிள்ளை மேலதான். அவ அழக்கூட இல்ல. டீச்சர்னு மட்டும் சொன்னா.

டாக்டர் கேட்டப்போ, விளையாடும்போது கீழ விழுந்துட்டான்னு சொல்லிட்டேன். அவ என் மடியில உக்காந்து என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தா. உள்ளதைச் சொல்லியிருந்தா வேற மாதிரி வைத்தியம் பண்ணியிருப்பாரோ என்னவோ. சொல்லாத ஒண்ணைப் பத்தி அப்புறம் போய் எப்படிக் கேக்கறது? எங்க வீட்டுக்காரர் சாகறவரைக்கும் விழுந்துட்டாள்னுதான் நம்பிக்கிட்டிருந்தாரு.

அவளும் அப்படித்தான் சொல்றாம்மா. காது எப்படிப் போச்சுன்னு மாப்பிள்ளை வீட்ல கேட்டப்போ, சின்ன வயசுல கீழ விழுந்துட்டேன்னு சொன்னா. போன வாரம் பேரன் கேட்டான். நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். என்னைப் பார்த்துக்கிட்டே அவன்கிட்டயும் அதையேதான் சொன்னா.