முடியாதுன்னு ஒரு லெட்டர்

ருக்குமணி: ...அதெல்லாம் போன வாரமே குடுத்துட்டேன். ஐசி கார்டு காப்பி குடுத்துட்டேன், லைட்டு பில்லு குடுத்துட்டேன், பாரம் ரெண்டு தடவ நெரப்பிட்டேன். இன்னிக்கு நாலாவது தடவ இந்த நெல ஆபீஸுல வந்து நிக்கிறேன். இப்ப எது இல்லன்னு சொல்லப் போற?

ப்ரியா: புவான், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. பின்னால ஆளுங்க நம்பர் எடுத்துட்டு ஒக்காந்திருக்காங்க.

ருக்குமணி: என்னது, புவானா? பொதுக் கொழாயடியில ஒன்னக் குளிப்பாட்டி விட்டவ நான். லயத்துல இருந்தப்ப அத்தை, கவுண்டர்ல ஒக்காந்தா புவானா?

ப்ரியா: ஆபீஸ்ல அப்படித்தான் அத்... அப்படித்தான் கூப்புடணும். உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க.

ருக்குமணி: தெரியாத மாதிரி கேக்குற. சரி, தெரியாதவங்களுக்குச் சொல்ற மாதிரியே சொல்றேன். எம் பேரு ருக்குமணி. ரிங்லெட்டுக்கு மேல தேயிலத் தோட்டம், மூணாம் டிவிஷன். முப்பத்தொரு வருஷம் கொழுந்து எடுத்தேன். எங்க லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால இருக்கிற மேட்டுல தோட்டத்து ஆளுங்களுக்கு நாப்பது வீடுன்னு பதினாலு வருஷத்துக்கு முன்ன சொன்னாங்க. பேரு எழுதிட்டுப் போனாங்க. கூடாரம் போட்டு, அட்டையில செஞ்ச பெரிய சாவிய எம் புருசன் கையில குடுத்துப் படம் புடிச்சாங்க.

ப்ரியா: தெரியும்.

ருக்குமணி: அந்த அட்டச் சாவிய அவரு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சாரு. வீட்டப் பாக்காமலே போய்ச் சேந்தாரு. இப்ப அந்த மேட்டுல புதுசா ஒரு போர்டு. கண்ணாடி வீடாம். போர்டுல போட்ட படத்துல, மாடியில ஒரு வெள்ளக்காரன் ஒக்காந்து காப்பி குடிக்கிறான். எங்களுக்கு என்னன்னா, மாசக் கடைசிக்குள்ள லயத்தக் காலி பண்ணணும்னு நோட்டீஸ். நான் கேக்குறது ஒண்ணுதான். அந்த நாப்பது வீடு யாருக்குன்னு எழுதி வச்ச ஃபைல எடுத்துக் காட்டு.

ப்ரியா: அந்த ஃபைலக் காட்ட முடியாது.

ருக்குமணி: மொதத் தடவ பாரம் தப்புன்ன. ரெண்டாந் தடவ தோட்டத்துத் தொரைகிட்ட லெட்டர் வாங்கிட்டு வான்ன. மூணாந் தடவ குவாந்தான் பெரிய ஆபீஸுக்குப் போன்ன. போனேன். மூட்டு வலியோட பஸ் மாறி மாறிப் போனேன். அங்க ஒருத்தன் என் மொகத்தக்கூடப் பாக்கல. ஃபைலு ஒங்க ஆபீஸ்லதான் இருக்குன்னு...

ப்ரியா: இருக்கு. இல்லன்னு நான் சொல்லலையே. மேல 'சூலிட்'னு முத்திர குத்தியிருக்கு.

ருக்குமணி: அப்படின்னா?

ப்ரியா: ரகசியம்னு அர்த்தம்.

ருக்குமணி: வீடு கட்டுறதுல என்னடி ரகசியம்? மைக்குல சொன்னப்ப ரகசியம் இல்ல. கறிச்சோறு போட்டப்ப ரகசியம் இல்ல. எங்களுக்குன்னு சொன்ன வீடு எங்களுக்கு மட்டும் ரகசியமா?

ப்ரியா: நானா இந்தச் சட்டத்த எழுதுனேன்? சிலாங்கூர்ல, பினாங்குல ஃபைலக் கேட்டு வாங்க சட்டம் இருக்கு. இங்க இல்ல.

ருக்குமணி: அப்ப நான் பினாங்குல போய்க் கொழுந்து எடுத்திருக்கணும்.

ப்ரியா: தயவுசெஞ்சு கத்தாதீங்க...

ஸுல்கிஃப்லி: ப்ரியா, என்ன இங்க சத்தம்? உள்ள மீட்டிங் நடக்குது.

ப்ரியா: ஒண்ணுமில்ல, என்சே ஸுல்கிஃப்லி. அந்தத் தோட்டத்து வீட்டு ஃபைலக் கேட்டு...

ஸுல்கிஃப்லி: திரும்பவுமா? அம்மா, இந்தப் பிரிவுக்கு நான்தான் அதிகாரி. தமிழ்லயே சொல்றேன், கேட்டுக்குங்க. அது ரகசிய ஃபைல். தெறந்து காட்டுனா ஜெயில். எனக்கும் ஜெயில், இந்தப் புள்ளைக்கும் ஜெயில்.

ருக்குமணி: கண்ணாடி வீடு கட்டுறவனுக்கு மட்டும் எப்படித் தெறந்துச்சு?

ஸுல்கிஃப்லி: அவங்க மொறைப்படி விண்ணப்பம் போட்டவங்க லா.

ருக்குமணி: நானும்தான் போட்டிருக்கேன். ஒங்க டிராயர்ல கெடக்கும், பாருங்க.

ஸுல்கிஃப்லி: அம்மா, நெலம் கம்பெனிது. நீங்க வேலைய விட்டு நின்னுட்டீங்க. இத்தன நாளு லயத்துல இருக்க விட்டதே அவங்க கருண...

ருக்குமணி: கருணையா? அந்த மலையக் காடா இருந்தப்ப வெட்டுனது எங்க மாமனாரோட அப்பா. எங்க மாமியார் பெத்ததுல நாலு புள்ளைங்க அந்த மேட்டுலதான் பொதஞ்சு கெடக்கு. டாக்டரு வர்றதுக்குள்ள செத்ததுங்க. அதுங்க தலை மேலதான் இப்ப கண்ணாடி வீடு வரப் போவுது. அதுக்கும் ஒரு முத்திர வச்சிருக்கீங்களா துவான்? இருந்தா குத்திருங்க.

ப்ரியா: தண்ணி குடிங்க, அத்தை.

ருக்குமணி: வேணாம். சரி துவான். நீங்க காட்ட வேணாம். காட்ட முடியாதுன்னு எழுதியாவது குடுங்க.

ஸுல்கிஃப்லி: என்னன்னு எழுதறது?

ருக்குமணி: இந்த மாதிரி, ருக்குமணி வந்து கேட்டா, நாங்க முடியாதுன்னுட்டோம். அவ்வளவுதான். கீழ ஒரு கையெழுத்து. லயத்துல என்னப் பத்தி என்ன பேசுறாங்க தெரியுமா? இவ டவுன்ல ரொட்டி சானாய் தின்னுட்டு, ஆபீஸுக்குப் போனேன்னு வந்து சொல்றாளாம்.

ஸுல்கிஃப்லி: குடுத்தா திரும்ப வர மாட்டீங்களே?

ருக்குமணி: இந்தக் கவுண்டர் பக்கமே வர மாட்டேன்.

ஸுல்கிஃப்லி: ப்ரியா, ரெண்டு வரி டைப் பண்ணிக் குடு. ரகசிய ஃபைல், அதனால காட்ட முடியாதுன்னு போடு. நான் கையெழுத்துப் போட்டுட்டு மீட்டிங்குக்குப் போறேன்.

ப்ரியா: ஃபைல் நம்பரும் போடவா, என்சே?

ஸுல்கிஃப்லி: போடு லா. நம்பர்ல என்ன இருக்கு.

ப்ரியா: ...இந்தாங்க புவான். வாசிச்சுப் பாத்துக்குங்க.

ருக்குமணி: தேதி... நம்பரு... கையெழுத்து... முத்திர. எல்லாம் இருக்கு. நல்லா இரு தாயி.

ப்ரியா: நில்லுங்க. எனக்கும் சாப்பாட்டு நேரம்தான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரேன். வெளிய தூறுது, உங்ககிட்ட குடை இல்ல.

ருக்குமணி: எனக்கு எதுக்குக் குடை... இந்த லெட்டரு நனையாம இருந்தா போதும். இப்படிப் புடி.

ப்ரியா: இங்க யாரும் இல்ல. இப்ப சொல்லுங்க அத்தை. முடியாதுன்னு எழுதின காயிதத்த ஏன் நெஞ்சோட அணச்சுட்டு வரீங்க?

ருக்குமணி: ஒனக்கு எதுக்கு அது? நீ அவங்க ஆளு.

ப்ரியா: அப்படியே வச்சுக்குங்க.

ருக்குமணி: ...கோவிச்சுக்காத. ஃபைல் நம்பரப் போடவான்னு நீயாத்தான கேட்ட. அதுக்காகச் சொல்றேன். ஈப்போவுல நாடியான்னு ஒரு வக்கீலு. வாயால முடியாதுன்னா அது காத்தோட போச்சு, எழுதி வாங்கிட்டு வாங்க, அத வச்சு கோர்ட்டுக்குப் போலாம்னு அவங்கதான் சொன்னாங்க. ஃபைலத் தெறக்கச் சொல்லிக் கேப்பாங்களாம். அதுவரைக்கும் எங்கள லயத்த விட்டு எழுப்பக் கூடாதுன்னும் கேப்பாங்களாம்.

ப்ரியா: கஷ்டப்பட்டுத் தெறக்க வச்சு, உள்ள ஒண்ணுமே இல்லன்னா?

ருக்குமணி: இருக்கு.

ப்ரியா: அது எப்படி உங்களுக்கு...

ருக்குமணி: இருக்குன்னா இருக்கு.

ப்ரியா: அத்தை.

ருக்குமணி: ...வெளிய விட்டுறாத. மூணு மாசத்துக்கு முன்ன கதவுக்கடியில ஒரு உறை கெடந்துச்சு. அனுப்புனது யாருன்னு ஒரு எழுத்து இல்ல. உள்ள பாத்தா, அந்த ஃபைலே காப்பியா இருக்கு. மொதல்ல தோட்டத்து ஆளுங்களுக்கு நாப்பது வீட்டக் கட்டிக் குடுக்கணும், அப்பறந்தான் மீதி நெலத்துல கைய வைக்கணும்னு கண்டிசன் போட்டு எழுதியிருக்கு.

ப்ரியா: கையில அத வச்சுக்கிட்டா நாலு தடவ வந்து எங்ககிட்டப் பேச்சு வாங்குனீங்க? அதையே கோர்ட்டுல காட்டியிருக்கலாமே.

ருக்குமணி: காட்டலாம். காட்டுனா, இது எப்படி வெளிய வந்துச்சுன்னுதான் மொதல்ல கேப்பாங்களாம். யாரோ ஒரு புண்ணியவான் உள்ள இருந்து எடுத்துப் போட்டிருக்கான். ஒங்க துவான் என்ன சொன்னாரு, ஜெயிலுன்னாருல்ல. மொகந் தெரியாத ஒருத்தன உள்ள தள்ளிட்டு நான் எந்த வீட்டுல போய் நிம்மதியா ஒக்கார்றது? அதான் அத அரிசி டின்னுக்கடியில போட்டுட்டு, ஒண்ணும் தெரியாதவளாட்டம் வந்து வந்து கேட்டேன். நேர்வழியில வெளிய வரட்டும். அந்த ஆளு பேரு யாருக்கும் தெரியவே வேணாம். எனக்கும் வேணாம். என்ன புள்ள, குடை சாயுது, லெட்டரு நனையுது பாரு.

ப்ரியா: ஒண்ணுமில்ல. பஸ்ஸு வந்துருச்சு.

ருக்குமணி: நிக்கும், டிரைவர் டீ குடிக்கப் போவான். ஒரே ஒரு கொறதான் புள்ள. கடைசிப் பக்கத்துல ஆளுங்க பேரு போட்டிருக்கும் போல. அது மட்டும் சுத்தமா மங்கிக் கெடக்கு. பக்கத்து வீட்டு மகேனுக்கு மட்டுந்தான் காட்டுனேன், போன்ல பெருசு பண்ணிப் பாத்தான், ஒண்ணும் புடிபடல. காப்பி விசயம் தெரியாமலே லயத்துல ஒவ்வொருத்தரும் ஃபைலுல எம் பேரு இருக்கா, எம் பேரு இருக்கான்னு கேக்குறாங்க. எம் பேரே இருக்கோ இல்லியோ, நான் என்னத்தச் சொல்ல?

ப்ரியா: நாப்பது குடும்பமும் இருக்கு, அத்தை. ஒம்பதாவது பேரு மாமாவோடது, பக்கத்துலயே உங்க பேரு. கடைசிப் பக்கம் போறப்ப காப்பி மெஷின்ல மை தீந்துபோச்சு. மாத்தறதுக்கு எனக்கு நேரம் இல்ல.