கை வைக்காத இன்ஜின்

முபாரக்: ...பானெட்டத் தொட்டுப் பாத்துட்டுத்தானேண்ணே சாவியே போட்டேன். ஜில்லுன்னு இருந்துச்சு. ஒரே தட்டுல ஸ்டார்ட்டு!

மதிவாணன்: நம்ம டீசல் கார் குரூப்ல அத்தன பேரும் வயிறெரியுறது இதுக்குத்தான் பாய்.

முபாரக்: புகை இல்ல, நடுக்கம் இல்ல. மூணாவது கியர்ல அந்த டிராக்டரத் தாண்டுனோமே... என்னா இழுவை! அடியக்கமங்கலத்துலேர்ந்து பஸ் ஏறி வந்தது வீண் போகல.

மதிவாணன்: பதினோரு வருஷம். இன்ஜின்ல ஒருத்தன் கை வச்சதில்ல.

முபாரக்: செலவு?

மதிவாணன்: ஆயிலு, பில்டரு, டயரு. போன வருஷம் ஒரு கிளட்சு. அவ்ளோதான். லிட்டருக்கு இருபது குடுக்கும்.

முபாரக்: அப்பறம் ஏண்ணே விக்கிறீங்க?

மதிவாணன்: அப்பா போனப்பறம்... சும்மா நிக்கிது. மெதுவா மெதுவா, ரயில்வே கேட்டு போட்டுட்டான்.

முபாரக்: நீடாமங்கலம் கேட்டாச்சே! போட்டா லேசுல தொறக்க மாட்டான். ஆஃப் பண்ணிர்றேன்.

மதிவாணன்: வேணாம் வேணாம்! டர்போ வண்டி பாய். ஓடி வந்த சூட்டோட ஆஃப் பண்ணக்கூடாது. உங்களுக்குத் தெரியாததா?

முபாரக்: அதுவும் சரிதான். ரெண்டு நிமிஷம் ஓடட்டும்.

மதிவாணன்: ம்.

முபாரக்: ஏசில உக்காந்துக்கிட்டு ஏண்ணே இப்படி வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு?

மதிவாணன்: இந்த கேட்டே எனக்கு ஆகாது. நீங்க எதுக்கு பாய் வாங்குறீங்க?

முபாரக்: சும்மா ஊர் சுத்தத்தான். நாகூரு, ஊட்டி... துபாய்ல ஒம்பது வருஷம் முதலாளி வண்டிய ஓட்டுனவன். நமக்குன்னு ஒண்ணு வேணாமா?

மதிவாணன்: ஊர் சுத்தன்னா சரிதான். தாராளமா எடுத்துக்கங்க.

முபாரக்: ரெண்டு நிமிஷம் ஆயிருச்சு.

மதிவாணன்: பாய், சாவிலேர்ந்து கைய எடுங்க!

முபாரக்: எதுக்கு இப்படிக் கத்துறீங்க? பைக்குலேர்ந்து நெல்லு லாரி வரைக்கும் எல்லாரும் ஆஃப் பண்ணியாச்சு. நம்ம வண்டி மட்டும் உறுமிக்கிட்டு நிக்கிது.

மதிவாணன்: ஓடுனா ஓடிட்டுப் போவுது, விடுங்களேன்.

முபாரக்: அண்ணே... வண்டில என்னமோ இருக்கு.

மதிவாணன்: என்ன இருக்கு? இழுவைய நீங்கதானே மெச்சுனீங்க? அஞ்சு வருஷமா குரூப்ல என்னைப் பாக்குறீங்க. சந்தேகம்னா எறங்கிக்கங்க. வாங்குறதுக்கு ஆள் நிக்கிது.

முபாரக்: கோவிச்சுக்காதீங்க... இருங்க, வீட்லேர்ந்து போன். சொல்லு தஹ்மீனா... ஓட்டிட்டுத்தான் இருக்கேன், ராஜா மாதிரி இருக்கு... கால் வீக்கம் எப்படி? தண்ணிய கொறச்சுக் குடிம்மா... நாளைக்கு ஆறு மணிக்கு டயாலிசிஸ்னா நாலுக்கே கெளம்பணும்... இனிமே பஸ்ல நிக்க வேணாம், படுத்துக்கிட்டே வரலாம். வக்கிறேன்.

மதிவாணன்: டயாலிசிஸா?

முபாரக்: விடுங்கண்ணே.

மதிவாணன்: யாருக்கு பாய்?

முபாரக்: சம்சாரத்துக்கு. வாரம் மூணு நாள், தஞ்சாவூருக்கு.

மதிவாணன்: ஊட்டின்னீங்க?

முபாரக்: வெளில தெரியக்கூடாதுங்கிறா. யாரு பரிதாபமா பாத்தாலும் அவளுக்கு ஆகாது. எனக்கு பிக்கப்பும் வேணாம், மைலேஜும் வேணாம்ணே. வண்டி வழில நிக்கக்கூடாது. அது போதும்.

மதிவாணன்: இந்த கேட்டத் தாண்டித்தானே போவீங்க?

முபாரக்: ஆமா. ஏன் கேக்குறீங்க? ...அண்ணே! ஏன் ஆஃப் பண்ணுனீங்க? இவ்ளோ நேரம் நீங்கதானே...

மதிவாணன்: இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க.

முபாரக்: ...சுத்துது. புடிக்கல.

மதிவாணன்: இன்னொரு தடவ.

முபாரக்: ம்ஹூம். ஐயோ, ரயிலு போயிருச்சு. கேட்டத் தூக்குறான்! பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்கண்ணே!

மதிவாணன்: அடிக்கட்டும். முக்கா மணி நேரம் ஆறுனாத்தான் புடிக்கும். இன்ஜெக்டர் கசியுது. ஆறிக் கெடந்தா ஒரே தட்டு. சூட்டுல ஆஃப் பண்ணா தீந்துச்சு.

முபாரக்: அடப்பாவி! தெரிஞ்சுக்கிட்டேவா என் தலையில கட்டப் பாத்தீங்க?

மதிவாணன்: தெரிஞ்சுதான். வீட்ட விட்டுப் போனாப் போதும்னு இருந்துச்சு. நல்லாத் திட்டுங்க.

முபாரக்: விடிகாலைல அவள வச்சுக்கிட்டு நடு ரோட்ல நான் என்னண்ணே பண்ணியிருப்பேன்? மெக்கானிக்குகிட்ட காட்ட மாட்டீங்களா?

மதிவாணன்: மாசிலயே முருகையன் சொன்னாரு, கழட்டிப் பாக்கணும்னு. நான்தான் விடல. கை வைக்காத இன்ஜின்னு குரூப்ல தெனம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். கழட்டுனா அந்தப் பேரு போயிருமேன்னு...

முபாரக்: பேருக்காகவா? லூசாண்ணே நீங்க? எறங்குங்க, தள்ளி ஓரங்கட்டுவோம். லாரிக்காரன் கண்டபடி ஏசுறான்.

மதிவாணன்: சித்திரையிலயும் இப்படித்தான் ஏசுனாங்க.

முபாரக்: இதே எடத்துலயா? அப்ப வண்டில யாரு இருந்தா?

மதிவாணன்: பின் சீட்ல எங்கப்பா. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு.

முபாரக்: யா அல்லாஹ்... ஆஸ்பத்திரில வச்சுதான் போனாருன்னு குரூப்ல சொன்னீங்களே?

மதிவாணன்: எங்கம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். கேட்டு தொறந்தப்ப உயிரோடதான் இருந்தாரு பாய். "எல்லாரும் போறாங்களேடா தம்பி, நீ ஏன் நிக்கிறே"ன்னு கேட்டாரு.