பேரெழுத்தும் சிற்றெழுத்தும் ஒன்றெனக் கண்ட பெருந்தகைக்கு

திண்டிவனம் தந்திப் பிரிவின் திலகமே! விழுப்புரத்தில் பதினான்கு ஆண்டும் இவ்வூரில் பத்தொன்பது ஆண்டும், புள்ளியும் கோடுமாய் வந்த ஓசையில் புதைந்திருந்த பொருளையெல்லாம் பிழையின்றிப் பெயர்த்தளித்த பெரியீர்! சுப்பராயலு ஐயா அவர்களே!

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பதை அறிவோம். ஆகவே பிறர் கதைபோல் ஒன்று சொல்கிறோம், அமர்ந்து கேட்டருள்க.

1962 கார்த்திகையில், அடைமழை நாளொன்றில், புனா ராணுவ மருத்துவமனையிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு தந்தி வந்தது. 'ராயப்பன், மயிலம். மகன் படுகாயம். உடனே வரவும்.' அடியில் சிப்பாயின் எண் மட்டும் இருந்தது, பெயர் இல்லை.

தந்தி கொண்டுபோகும் கண்ணையன், தந்தி பெற்றோர் பெயர்களை ஆங்கிலத்தில் குறித்துவைத்த பேரேட்டைப் புரட்டிவிட்டு வந்தார்.

"அய்யா, மயிலத்துல ராயப்பன்னு ஒருத்தர்தான் கீறாரு. கொத்தனாரு. அவருக்குப் புள்ளையே இல்லைங்க. ஆள் இல்லன்னு திருப்பிடலாமா?"

"நீ எப்படித் தேடின?"

"பெரிய ஆர் போட்டு, அப்புறம் எல்லாம் சின்ன எழுத்தா இருக்கறதப் பாத்தேங்க."

"தந்திக் கட்டைக்குப் பெரிய எழுத்து ஏது, சின்ன எழுத்து ஏது? எல்லாம் ஒரே தட்டுதான். இனிஷியலுக்கு வைக்கிற புள்ளியையும் விட்டுட்டு அனுப்பியிருப்பான். எழுத்த மட்டும் பாத்துக்கினு வா."

சுப்பராயலு தாமே பேரேட்டை வாங்கினார். மூன்று ஆண்டுப் பெயர்கள். பெரியது சிறியது பாராமல், விரலை வைத்து ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டினார். ஒரு மணி நேரம் கழித்து விரல் நின்றது. பெரிய ஆர், ஒரு புள்ளி, மறுபடியும் பெரிய எழுத்தில் ஏ: ஆர். அயப்பன்! புள்ளியை விட்டுச் சேர்த்து வாசித்தால் ராயப்பனேதான். பக்கத்திலிருந்து பார்த்த எங்களுக்கு மெய் சிலிர்த்தது.

அவருக்கோ மகிழ்ச்சியில்லை. எழுத்து ஒத்துப்போனால் போதுமா, ஆளும் ஒத்துப்போக வேண்டுமே. தவறான வீட்டில் இழவுச் செய்தி போல் இதைச் சொல்லிவிட்டால்? கண்ணையனை அனுப்பாமல், மழையிலேயே தாம் சைக்கிளை மிதித்தார்.

மயிலத்தில் அயப்பன் வீட்டில், மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி கெங்கம்மாளிடம், மகன் எழுதிய கடிதம் ஏதேனும் உண்டா என்று மட்டும் கேட்டார். அவள் எடுத்து வந்த உறையின் மேலிருந்த எண்ணும் தந்தியின் எண்ணும் ஒன்றாக இருந்தன. அவர் முகத்தைப் பார்த்தே அவள் புரிந்துகொண்டாள்.

"எம் புள்ள உசுரோட கீறானாங்க?"

"கீறாம்மா. அடி பலமா பட்டிருக்குது. உங்க வூட்டுக்காரரக் கூட்டிக்கினு ஜல்தியா கெளம்புங்க. ரயிலேத்திவிட நான் வர்றேன்."

புனாவில் ஆறு நாள் நினைவின்றிக் கிடந்த மகன் பச்சைமுத்து, ஏழாம் நாள் தாயின் குரலுக்குத்தான் கண் திறந்தான். இடக்கால் போயிற்று, உயிர் நின்றது. இன்று மயிலம் பேருந்து நிறுத்தத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான்.

மயிலம் போய் வந்த மறுநாள் நேரங்கழித்து வேலைக்கு வந்த சுப்பராயலு, தாமதத்துக்கு மன்னிப்புக் கோரிக் கடிதம் எழுதினார். அதில் மயிலம் என்ற சொல்லே இல்லை.

கலங்காத செவியும் கனிந்த நெஞ்சும் வாய்த்து, இன்று பணி ஓய்வு பெறும் தாங்கள், தங்கள் இல்லத்தரசி ராஜாமணி அம்மையாருடன், நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு வாழ்க!

திண்டிவனம், 31-3-1966.

இங்ஙனம்,
தந்திப் பிரிவு ஊழியர்கள்.

ஊழியரல்லாத ஒருவரும் ஒப்பமிட வேண்டுமென்று காலையிலேயே வந்து காத்திருந்தார். எழுதத் தெரியாதவர். ஆகவே இங்கே:
கெங்கம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை.