நைனாவின் டிஸ்கோ கேசட்

ரீமிக்ஸ் செய்ய இரவல் வாங்கிய மூலப்பிரதியை வாங்கியபடியே திருப்பித் தர வேண்டும் என்பது விதி. சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பேருந்தில், முன் இருக்கைப் பெண் தன் தம்பியிடம் சீறிக்கொண்டிருந்தாள்.

“நைனா பாடின டிஸ்கோ கேசட்ட ஏன்டா அந்த பெங்களூர்க்காரன்கிட்ட குடுத்த?”

“ரீமிக்ஸ் பண்றேன்னான்க்கா. கிளப்புல இப்ப அதுக்குத்தான் ஆடிக்கினு கீறாங்க.”

“நானும் கேட்டேன். ட்ரம்ஸ் கீது, நைனா கொரல் எங்கடா?”

“ஆடறதுக்கு ஸ்லோவா கீதுன்னு கொரல எடுத்துட்டான்.”

“செத்தவரோட கொரல் நமக்கு அந்த ஒரு கேசட்லதான்டா கீது, எருமை! ரசீதாவது வாங்கினியா?”

“பிரியாணி வாங்கிக் குடுத்தான்க்கா.”

“துன்னுட்டு வந்தியா? கேசட்ட திருப்பிக் கேளுடா!”

“மூணு லெட்டர் போட்டேன். அதுமேலயே வேற பாட்டு பதிஞ்சிட்டேன்னு பதில் வந்துச்சு.”

“எப்படா வந்துச்சு? சொல்லவே இல்லயே!”

“புரட்டாசி மூணாம் சனிக்கிழம. நீ பெருமாளுக்கு வெரதம் இருந்த, அதான் சொல்லல.”